வேர்க்‌ஷொப் நிலத்துக்குப் பூச்சு அடிக்க முன் கிணற்றை எட்டிப் பாருங்கள்

மட்டக்களப்பு ஆரையம்பதியில் எங்கள் மோட்டார் சைக்கிள் கராஜுக்கு முதல் தடவை எப்பொக்சி, அதாவது பிளாஸ்ரிக் மாதிரி இறுகுகிற நிலப்பூச்சு, அடித்தது ஒரு புரட்டாதி மாதம். நல்ல வெயில், நிலம் காய்ந்து வெள்ளைச் சாம்பலாகக் கிடந்தது, அடித்து முடித்த அன்று வந்தவர்கள் எல்லாம் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். கார்த்திகையில் இரண்டு கிழமை விடாமல் மழை பெய்தது. ஐந்து ரூபாக் குத்தி அளவில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது, ஒன்றைக் குத்திப் பார்த்தால் உள்ளே தண்ணீர். தை பிறக்க முதலே சைக்கிள் ஸ்ராண்ட் குத்தின இடமெல்லாம் தகடு தகடாகக் கழன்று வந்தது. பெயின்றிலும் பிழை இல்லை, அடித்தவர்களின் கைவேலையிலும் பிழை இல்லை. நிலத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அதே நிலத்தைச் சுரண்டி, காயவிட்டு, மறுபடி செய்து, அது இத்தனை மாரி தாண்டியும் நிற்கிறது. புதிதாகக் கராஜ், வெல்டிங் பட்டறை, தச்சுப் பட்டறை போடுகிற தம்பி தங்கச்சிமார் நிறையப் பேர் நிலத்துக்கு என்ன அடிக்கலாம் என்று கேட்கிறார்கள். எல்லாரும் முதலில் கேட்பது எந்தப் பெயின்ற் நல்லது என்றுதான். அந்தக் கேள்வி மூன்றாவதாக வர வேண்டியது. முதலாவது தண்ணீர், இரண்டாவது நிலத்தின் மேல்தோல்.

தண்ணீர் எங்கே நிற்கிறது

கல்லடியில் இருந்து களுவாஞ்சிகுடி தாண்டும் வரை ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மணல். மாரியில் உங்கள் வளவுக் கிணற்றை எட்டிப் பாருங்கள், தண்ணீர் கையால் அள்ளுகிற உயரத்தில் நிற்கும். அந்தத் தண்ணீர் கிணற்றுக்குள் மட்டும் இல்லை, உங்கள் கராஜ் நிலத்துக்குக் கீழேயும் அதே மட்டத்தில்தான் நிற்கிறது. படுவான்கரைப் பக்கமும் சம்மாந்துறை, நிந்தவூர்ப் பக்கமும் கதை கொஞ்சம் வேறு. அங்கே நிறையக் கட்டடங்கள் வயல் காணியை நிரப்பிக் கட்டினவை, மண் களி, பக்கத்து வயலுக்கு வாய்க்கால் தண்ணீர் பாய்கிற இடமென்றால் கோடையிலும் கீழே ஈரம் இருக்கும். ஆகவே எங்களுக்கு மழை இல்லை என்பதை மட்டும் நம்பி வேலையைத் தொடங்காதீர்கள்.

கொங்கிறீற்றைக் கல்லு மாதிரி நினைக்கிறோம், ஆனால் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைய, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போலக் கீழே இருக்கிற தண்ணீரை மேலே இழுக்கும். வெறும் நிலமாக இருக்கும்போது அந்த ஈரம் ஆவியாகிப் போய்விடுவதால் நாங்கள் காண்பதில்லை. மேலே ஒரு இறுக்கமான பூச்சை அடித்து மூடினால் ஆவி போக வழி இல்லை, பூச்சுக்கும் நிலத்துக்கும் நடுவில் தேங்குகிறது. கொங்கிறீற்றில் உள்ள உப்பும் காரமும் அந்த ஈரத்தில் கரைந்து இன்னும் தண்ணீரை இழுத்துக் கொப்புளத்தைப் பெருப்பிக்கும். நிலத்தில் அல்லது சுவர் அடியில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பூத்திருந்தால் அந்த இடத்தால் தண்ணீர் வந்துபோய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

சோதிக்கிறதுக்குப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். தடிப்பான தெளிந்த பொலித்தீனை ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி சதுரமாக வெட்டி, நிலத்தைத் துடைத்துவிட்டு, நாலு பக்கமும் காற்றுப் புகாதபடி அகலமான ரேப்பால் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணித்தியாலம், நான் சொல்வதென்றால் ஒரு முழுப் பகல் ஒரு முழு இரவு, அப்படியே விடுங்கள். பிறகு எடுத்துப் பார்க்கும்போது பொலித்தீனின் உட்பக்கம் துளி துளியாக வேர்த்திருந்தால், அல்லது அதற்குக் கீழே நிலம் சுற்றுப்புறத்தை விடக் கறுத்திருந்தால், ஈரம் ஏறுகிறது. சுவர் ஓரம் ஒன்று, நடுவில் ஒன்று, நிலம் சரிந்து இறங்குகிற பக்கம் ஒன்று என்று மூன்று இடத்திலாவது ஒட்டுங்கள். முக்கியமாக, இந்தச் சோதனையை மாரியில் செய்யுங்கள். ஆவணியில் செய்து காய்ந்திருக்கிறது என்று கண்டால் அது ஆவணியில் காய்ந்திருக்கிறது என்பதைத்தான் சொல்லும். மார்கழியில் சோதித்து, கோடையில் அடிப்பது, இதுதான் எங்கள் ஊருக்குச் சரியான ஒழுங்கு. அத்தனை மாதம் பொறுக்க ஏலாதவர்கள் குறைந்தது கட்டடத்துக்கு அத்திவாரம் போட்ட மேசனைத் தேடிப் பிடித்து, கொங்கிறீற்றுக்குக் கீழே பொலித்தீன் விரித்தாரா என்று கேளுங்கள்.

புதிதாகக் கட்டுகிறவர்கள் அதிர்ஷ்டசாலிகள், ஏனென்றால் இந்தப் பிரச்சினையைச் சொற்பக் காசில் தீர்க்கக்கூடிய ஒரே நேரம் அதுதான். மண்ணை இறுக்கி, மேலே 1000 கேஜ் (கால் மில்லிமீற்றர் தடிப்பு) பொலித்தீனை விரித்து, பொருத்துகிற இடங்களில் ஒரு அடியாவது ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டி, சுவர்ப்பக்கம் மடித்து ஏற்றிவிட்டுக் கொங்கிறீற் போடச் சொல்லுங்கள். கம்பி கட்டுகிறவர்கள் அதைக் கிழிக்காமல் பக்கத்தில் நின்று பாருங்கள். பிறகு 28 நாள் கொங்கிறீற்றை விடுங்கள், முதல் கிழமை தண்ணீர் கட்டி ஊறவிடவும் வேண்டும். 28 நாள் என்பது கொங்கிறீற் இறுகுகிற கணக்கு. அது காய இன்னும் நாள் எடுக்கும், பொலித்தீன் சோதனையை அப்போதும் செய்யத்தான் வேண்டும்.

ஏற்கெனவே இருக்கிற நிலத்தில் ஈரம் ஏறுகிறது என்றால் முதலில் வெளியே போய்ப் பாருங்கள். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழுகிறதா, முற்றம் கராஜ் நிலத்தை விட உயரமா, காண் அடைத்திருக்கிறதா. பீலி போட்டு, காண் வெட்டித் தண்ணீரை அப்பால் கொண்டுபோனாலே சில இடங்களில் பாதி ஈரம் குறையும். அப்படியும் நிற்கவில்லை என்றால் ஈரநிலத்துக்கென்று செய்த பிறைமர், அதாவது முதலில் அடிக்கிற அடிப்பூச்சு, இருக்கிறது, எப்பொக்சியும் சீமெந்தும் கலந்த மூன்று பாக அடிப்பூச்சும் இருக்கிறது, அவற்றை முதலில் போட்டுத்தான் மேற்பூச்சுக்குப் போக வேண்டும். காசு இல்லையென்றால் பூச்சையே விட்டுவிடுங்கள், சிலிக்கேற் கடினமாக்கி அடியுங்கள், அதைக் கீழே சொல்கிறேன்.

என்னத்தை அடிப்பது

வீட்டு விறாந்தைக்கு அடிக்கிற சிவப்பு, பச்சை நிலப் பெயின்ற் எனாமல் வகை. விலை குறைவு, ஒரு டப்பாவைத் திறந்து அப்படியே அடிக்கலாம், ஆனால் கராஜுக்கு அது சரிவராது. கொங்கிறீற்றில் இருக்கிற காரம் எனாமலில் உள்ள எண்ணெயைத் தின்று சோப்பு மாதிரி ஆக்கிவிடும், பெற்றோலும் பிரேக் ஒயிலும் பட்டால் இளகி உரியும்.

தண்ணீரில் கலந்த எப்பொக்சி மணம் குறைவு, அடிக்க இலகு, ஈரத்துக்கும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், ஆனால் படலம் மெல்லியது. தையல் வேலை, இலக்ரோனிக் திருத்தம், பொருட்கள் அடுக்குகிற அறை, இப்படியான இடத்துக்கு நல்லது. வாகனம் ஏறுகிற, அதைத் தூக்க ஜக் வைக்கிற, எஞ்சின் இறக்குகிற இடத்துக்குக் கரைப்பான் இல்லாத, ஆவியாகாமல் முழுக்கப் படலமாகவே நிற்கிற முழுத்திண்ம எப்பொக்சியைத்தான் நான் சொல்வேன். இரண்டு டப்பாவாக வரும், ஒன்று றெசின், மற்றது அதை இறுகவைக்கிற ஹார்ட்னர். எப்பொக்சி வெயிலில் மஞ்சளித்துப் பொடியாகும், ஆகவே ஷட்டர் வாசலால் வெயில் விழுகிற பகுதிக்கு மேலே ஒரு கை, அதாவது ஒரு தடவை, அலிபற்றிக் வகைப் பொலியூரித்தேன் அடிக்க வேண்டும். அது வெயிலையும் தாங்கும், உரசலையும் தாங்கும். மீன் பதனிடுகிற, கொதிதண்ணீர் ஊற்றிக் கழுவுகிற இடங்களுக்கு பொலியூரித்தேன் சீமெந்து என்று ஒன்று இருக்கிறது, பழக்கமில்லாதவர்கள் கை வைக்க வேண்டாம்.

தச்சுப் பட்டறைக்கும் நெல் அடுக்குகிற களஞ்சியத்துக்கும் உண்மையில் பூச்சே தேவையில்லை என்பது என் எண்ணம். அங்கே பிரச்சினை நிலம் தூசு கிளப்புவதுதான். சோடியம் அல்லது லித்தியம் சிலிக்கேற் கடினமாக்கியை நிலத்தில் ஊற்றித் தேய்த்தால் அது துளைகளுக்குள் போய்ச் சீமெந்தோடு சேர்ந்து இறுகிவிடும். மேலே படலம் எதுவும் நிற்காது, ஆகவே உரியவும் ஒன்றும் இல்லை, ஈரமும் வழக்கம்போல ஆவியாகிப் போகும். ஒயில் ஊறுவதை மட்டும் அது தடுக்காது.

மாபிள் போட்டால் என்ன என்று கேட்பார்கள். ஒரு ஸ்பனர் தவறி விழுந்தால் மாபிள் வெடிக்கும், ஒயில் பட்டால் வழுக்கும், அதில் ஜக் வைக்கிறது ஆபத்து.

அளவைக் கடைக்காரர் சொல்வதை விட நீங்களே கணக்குப் பாருங்கள். ஒரு லீற்றரை ஒரு சதுர மீற்றரில் பரப்பினால் ஒரு மில்லிமீற்றர் உயரம் நிற்கும். கால் மில்லிமீற்றர் படலம் வேண்டுமென்றால் ஒரு லீற்றர் 4 சதுர மீற்றருக்கு, அதாவது 43 சதுர அடிக்குப் போகும். 20 அடிக்கு 15 அடி கராஜ் என்றால் 300 சதுர அடி, 28 சதுர மீற்றர், ஒரு கைக்கு 7 லீற்றர். இது முழுத்திண்மத்துக்கு. டப்பாவில் திண்மம் 50 வீதம் என்று போட்டிருந்தால் பாதி காற்றில் போய்விடும், அதே தடிப்புக்கு 14 லீற்றர் வேண்டும். அப்படிப் பார்த்தால் மலிவான டப்பா மலிவு இல்லை. கரடுமுரடான நிலம் இன்னும் குடிக்கும், பத்தில் ஒரு பங்கு கூட்டி வாங்குங்கள்.

நிலத்தைத் தயார்படுத்துவது

வேலையில் முக்கால்வாசி இங்கேதான், உடம்பு நோகிறதும் இங்கேதான். எங்கள் ஊர் நிலங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது, கடைசியில் வெறும் சீமெந்தைத் தூவியோ கரைத்து ஊற்றியோ கரண்டியால் மினுக்கிவிடுவார்கள். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனால் அந்தத் தோல் மெல்லியது, அடியோடு இறுகப் பிடித்திருக்காது, அதன்மேல் எப்பொக்சி அடித்தால் எப்பொக்சி தோலைப் பிடிக்கும், தோல் நிலத்தை விடும். கழன்ற தகட்டைப் புரட்டிப் பாருங்கள். அதன் அடியில் சீமெந்து ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் இதுதான் காரணம்.

முதலில் ஒயில். பழைய கராஜ் என்றால் கிறீஸையும் சேற்றையும் கரண்டியால் சுரண்டி, மரத்தூளைப் பரப்பி ஊறவிட்டுக் கூட்டி, பிறகு கிறீஸ் நீக்கியைச் சுடுதண்ணீரில் கலந்து தும்புத்தடியால் தேய்த்துக் கழுவுங்கள், இரண்டு மூன்று தடவை. பெற்றோல், மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவாதீர்கள், தீப்பிடிக்கிற ஆபத்து ஒரு பக்கம், ஒயிலை அது இன்னும் ஆழத்துக்குத்தான் கொண்டுபோகும். காய்ந்த பிறகு கொஞ்சம் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். தண்ணீர் உறிஞ்சப்பட்டு நிலம் கறுத்தால் சரி, சேம்பிலையில் நிற்கிற மாதிரி முத்து முத்தாக நின்றால் இன்னும் ஒயில் இருக்கிறது. எத்தனை தடவை கழுவினாலும் ஒயில் கசிகிற இடத்தை அரை அங்குலம் கொத்தி எடுத்துவிட்டு எப்பொக்சிச் சாந்தால் நிரப்புவதுதான் வழி. அரைக்க முன் ஒயிலை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கிறைண்டர் அதை நிலம் முழுக்கப் பூசிவிடும்.

அப்புறம் அரைப்பது. கையால் பிடிக்கிற கிறைண்டரில் டயமண்ட் கப் வீல் பூட்டி, தூசு மூடியும் உறிஞ்சியும் சேர்த்து, வட்ட வட்டமாக ஓட்டுங்கள். 300 சதுர அடிக்கு இரண்டு நாள் போகும், முதுகு விட்டுப்போகும். டெராசோ நிலம் மினுக்குகிறவர்களிடம் நின்றுகொண்டு ஓட்டுகிற இயந்திரம் இருக்கிறது, அவர்களை நாள் கூலிக்குப் பிடித்தால் ஒரு நாளில் முடியும், ஆனால் அவர்கள் தண்ணீர் விட்டு அரைப்பார்கள், அதில் வருகிற சீமெந்துப் பாலைக் காயவிடாமல் வழித்துக் கழுவ வேண்டும், நிலம் காயவும் நாள் விட வேண்டும். மினுக்கம் எல்லாம் போய், மணல் தெரியத் தொடங்கி, உள்ளங்கையால் தடவினால் 80ஆம் நம்பர் சாண்ட் பேப்பர் மாதிரி இருந்தால் போதும்.

கொங்கிறீற் தூசு நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது. அதில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலை நிரந்தரமாக நாசமாக்கும். துணியை மூக்கில் கட்டுவது பாதுகாப்பு இல்லை, N95 வகை முகமூடி போடுங்கள், கூலிக்கு வருகிற பிள்ளைக்கும் வாங்கிக் கொடுங்கள்.

அரைக்கிறதுக்குப் பதிலாக ஹைட்ரோகுளோரிக் அசிட் ஊற்றலாமே என்று சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது. ஒயில் இருக்கிற இடத்தில் அசிட் வேலை செய்யாது, நிலத்தில் உப்பை விட்டுப் போகும், காய்ந்த நிலத்தை மறுபடி ஊறவைக்கும், அதன் புகை பக்கத்தில் இருக்கிற சாவி, ஸ்பனர் எல்லாவற்றையும் ஒரே இரவில் துருப்பிடிக்க வைக்கும். வேறு வழியே இல்லையென்றால் சாமான்களை வெளியே எடுத்துவிட்டு, பிளாஸ்ரிக் வாளியில் பத்துப் பங்கு தண்ணீரை முதலில் விட்டு அதற்குள் ஒரு பங்கு அசிட்டை ஊற்றுங்கள், அசிட்டுக்குள் தண்ணீரை ஒருபோதும் ஊற்றாதீர்கள், முகத்தில் அடிக்கும். கண்ணாடியும் றப்பர் கையுறையும் போட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். நுரைத்து அடங்கினதும் தேய்த்துக் கழுவி, அப்பச்சோடாக் கரைசல் விட்டு, மறுபடி நல்ல தண்ணீரால் இரண்டு தடவை கழுவுங்கள். அந்தத் தண்ணீரைக் கிணற்றுப் பக்கம் விடாதீர்கள், வாவிக்குப் போகிற காணிலும் விடாதீர்கள்.

வெடிப்புகளை வி வடிவத்தில் கொஞ்சம் அகட்டி, தூசு எடுத்து, எப்பொக்சிச் சாந்தால் நிரப்புங்கள். கொங்கிறீற் போடும்போதே வேண்டுமென்று விட்ட நேர்க்கோட்டு இடைவெளியை மட்டும் இறுகிற சாந்தால் அடைக்காதீர்கள், அது அசைய வேண்டிய இடம், றப்பர் மாதிரி இழுபடுகிற சீலன்ற் விடுங்கள்.

அடிக்கிற நாள்

வைகாசியில் இருந்து ஆவணி வரை நல்ல காலம். கச்சான் அடிக்கிற நாட்களில் காற்று காய்ந்து இருக்கும், அது நல்லது, ஆனால் கூடவே தூசையும் கொண்டுவரும், ஆகவே மேற்குப் பக்க வாசலையும் யன்னலையும் பொலித்தீனால் மறைத்துவிட்டுக் கிழக்குப் பக்கம் திறந்து வையுங்கள். ஈரப்பதம் 85 வீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், சின்ன ஈரப்பதமானி ஒன்று வாங்கிச் சுவரில் மாட்டுங்கள். ஈரக்காற்றில் ஹார்ட்னர் மேலே வந்து பிசுபிசுத்த வெள்ளைப் படலமாக நிற்கும், அதன்மேல் அடுத்த கை ஒட்டாது.

எல்லாரும் விடியக்காலையில் தொடங்க விரும்புவார்கள். நான் பின்னேரம் மூன்று மணிக்குத் தொடங்குவேன். காலையில் நிலம் சூடேற ஏறத் துளைக்குள் இருக்கிற காற்று விரிந்து வெளியே வரும், காயாத பூச்சில் ஊசித்துளை ஊசித்துளையாகப் போடும். பின்னேரம் நிலம் ஆறத் தொடங்குவதால் காற்று உள்ளே சுருங்கும், பிறைமரையும் தன்னோடு உள்ளே இழுக்கும்.

கலக்கும்போது கண்மட்டம் பார்க்காதீர்கள். டப்பாவில் சொன்ன விகிதம் நிறையா கன அளவா என்று வாசித்து, அதன்படி அளந்து எடுங்கள். ஹார்ட்னரைக் கூட்டினால் கெதியாக இறுகும் என்று நினைப்பது பிழை, மிஞ்சின ஹார்ட்னர் இறுகாமல் அப்படியே நிற்கும், நிலம் பிசுபிசுக்கும். மெதுவாக ஓடுகிற டிறிலில் கலக்கி பூட்டி மூன்று நிமிடம், பக்கத்தையும் அடியையும் வழித்து, வேறொரு சுத்தமான வாளிக்கு மாற்றி இன்னும் ஒரு நிமிடம். முதல் வாளியை நிலத்தில் கவிழ்த்து வழியவிடாதீர்கள், ஓரத்தில் ஒட்டினது கலந்திருக்காது.

எங்கள் வெக்கையில் நேரம் கிடைக்காது. டப்பாவில் 40 நிமிடம் என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் 20, 25 பாகைக் கணக்கு, 10 பாகை கூடினால் ஏறக்குறைய பாதியாகும். வாளிக்குள் குவியலாக நின்றால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகை கிளம்பும். கலந்த உடனே நிலத்தில் கோடு கோடாக ஊற்றிவிடுங்கள், பரந்து கிடந்தால் சூடு தங்காது. ஆகவே ஒருவர் கலக்க, ஒருவர் ஓரமும் மூலையும் பிரஷால் அடிக்க, ஒருவர் றோலர் உருட்ட, மூன்று பேர் வேண்டும். உள் மூலையில் தொடங்கி வாசல் பக்கம் பின்னால் வாருங்கள். ஹார்ட்னர் தோலில் பட்டுப் பட்டு ஒருநாள் ஒவ்வாமை பிடித்தால் பிறகு வாழ்நாள் முழுக்க எப்பொக்சிக்குக் கிட்டப் போக முடியாது, நைற்றைல் கையுறை கட்டாயம். கரைப்பான் கலந்த வகை என்றால் பீடியும் வேண்டாம், வெல்டிங்கும் வேண்டாம்.

பிறைமர் ஒரு கை, அடுத்த நாள் முதல் கை, அதற்கடுத்த நாள் இரண்டாம் கை. 24 மணித்தியாலத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால் டப்பாவைப் பாருங்கள், பெரும்பாலும் சாண்ட் பேப்பர் போட்டு மங்கவைத்துத்தான் அடுத்த கை அடிக்க வேண்டும். தண்ணீர் புழங்குகிற இடத்துக்கு முதல் கை காயாமல் இருக்கும்போதே காய்ந்த சிலிக்கா மணலைத் தூவி, மறுநாள் ஒட்டாததைக் கூட்டியெடுத்துவிட்டு மேலே அடுத்த கை அடித்தால் வழுக்காது. கடற்கரை மணலை அள்ளித் தூவாதீர்கள், அதில் உப்பு. நிறம் வெளிர் சாம்பல் எடுங்கள், விழுந்த நட்டும் தெரியும், ஒயில் கசிவும் தெரியும், ரியூப்லைற் வெளிச்சமும் கூடும்.

ஒரு நாளில் நடக்கலாம். வாகனம் ஏற்ற ஏழு நாள். அந்த ஏழு நாளைப் பொறுக்காமல் மூன்றாம் நாள் ஓட்டோவை ஏற்றி, சூடான ரயரோடு பூச்சு உரிந்து வந்த கராஜ்களைக் கண்டிருக்கிறேன், ஒரு கிழமை வருமானம் போகிறதென்ற கவலை எனக்கும் விளங்கும், பாதி நிலத்தை முதலில் அடித்து மறுபாதியில் வேலை செய்தாவது அந்த நாட்களைக் கொடுங்கள்.

பிறகு பராமரிப்பு பெரிதாக இல்லை. இங்கே பூச்சைத் தேய்க்கிறது வாகனத்தை விட மணல்தான், வாசலில் அகலமான தும்புக் கால்மிதி போட்டுத் தினமும் கூட்டுங்கள். பற்றரி அசிட்டும் பிரேக் ஒயிலும் சிந்தினால் வேலையை விட்டுவிட்டு உடனே துடைத்துக் கழுவுங்கள். ஜக்குக்குக் கீழே ஒரு பிளைவூட் துண்டு, வெல்டிங் செய்கிற இடத்தில் ஒரு தகரம். மிஞ்சின றெசினையும் ஹார்ட்னரையும் கலக்காமல் இறுக மூடி, வாங்கின திகதியை எழுதி வெயில் படாத இடத்தில் வையுங்கள், அடுத்த மாரி முடிந்ததும் தை மாதம் நிலம் முழுக்க ஒரு சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டு போய், வெற்றோசை வருகிற இடத்தை வெட்டியெடுத்து, அரைத்து, அந்த மிச்சத்தால் அடைத்துவிடலாம்.